பல் சிகிச்சையும் கைப்பணமும்: "இப்போது இயலாது" என்பதை மருத்துவரிடம் சொல்லலாமா?

ஆறு ஆண்டுகளாக மூன்று மாதத்திற்கு ஒருமுறை தவறாமல் எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். வயது 52. வீட்டில் தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். 11 மாதங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தபோது வலது தாடை வீங்கியிருந்தது. இரத்தச் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"கடைசியா வந்தப்போ பல்லைப் பார்த்துட்டுத்தான் வரணும்னு கண்டிப்பாச் சொன்னீங்க, டாக்டரம்மா. அதுக்கு முந்தின தடவையும் சொன்னீங்க. காசு சேரலை. எந்த முகத்தோட வந்து நிக்கிறது?"

நான் சொன்னதில் மருத்துவப் பிழை ஏதுமில்லை. ஈறு நோய் முற்றியிருந்தால் சர்க்கரை எளிதில் கட்டுப்படாது. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் மேலும் முற்றும். இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஈறுகளை முறையாகச் சுத்தம் செய்து சிகிச்சை அளித்தால், மூன்று நான்கு மாதங்களில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறத்தாழ 0.4 புள்ளி குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரியவந்துள்ளது. ஆகவே "பல் மருத்துவரைப் பாருங்கள்" என்று சொன்னேன். அதற்கு எவ்வளவு ஆகும், அது உங்களால் இயலுமா என்று மட்டும் ஒரு முறையும் கேட்கவில்லை.

அவர் நான் சொன்னபடி ஒரு பல் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். நான்கு பற்களுக்கு ரூட் கெனால், அவற்றின் மேல் உறை, இரண்டு பற்களைப் பிடுங்கி அங்கே இம்பிளான்ட், வாய் முழுவதற்கும் ஈறு அறுவைச் சிகிச்சை என்று எழுதி, மொத்தம் 1,60,000 ரூபாய் என ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய மாத வருமானம் 9,000 ரூபாய். அந்தத் தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டார். கணவரிடமும் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. பல்லுக்குப் பணமில்லாத ஒரே காரணத்தால், நீரிழிவுக்கும் வருவதை நிறுத்திவிட்டார்.

இதை எழுத அவருடைய அனுமதியைப் பெற்றிருக்கிறேன். அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியுமிருக்கிறேன். இவரைப் போன்றவர்கள் வெளிநோயாளர் வரிசையில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். செலவு செய்ய இயலாத சிகிச்சையைச் செய்துகொள்ளுமாறு நெருக்கப்படும்போது மனிதர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். நகையை அடகு வைத்து முழுவதையும் செய்துகொள்கிறார்கள். அல்லது வெட்கப்பட்டு, எல்லா மருத்துவர்களிடமிருந்தும் விலகிவிடுகிறார்கள். இரண்டுக்கும் இடையில் வழி இருக்கிறது. அந்த வழி "இப்போது என்னால் இவ்வளவுதான் இயலும்" என்ற வாக்கியத்தில் தொடங்குகிறது. மருத்துவரைப் பொறுத்தவரை அது உங்களுக்கு ஒவ்வாமை இருக்கிறது என்பதைப் போன்ற, சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும் ஒரு தகவல். அதைச் சொல்லாவிட்டால் அவர் தமக்குத் தெரிந்தவற்றில் மிக உயர்ந்ததையே எழுதித் தருவார்.

பல் மருத்துவர்கள் எல்லோரும் பணம் பறிப்பவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வாயைத் திறந்தால் தென்படும் குறைகள் அனைத்தையும் எழுதித் தர வேண்டும் என்றுதான் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. இயந்திரங்களுக்கும் வாடகைக்கும் வாங்கிய கடன் அவர்களில் பலருக்கும் உண்டு. சில இடங்களில் தேவையற்றதும் எழுதப்படுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நோயாளிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மதிப்பீட்டுத் தாளில் உள்ள வரிகள் எல்லாம் ஒரே அவசரம் கொண்டவை அல்ல.

காத்திருக்கக் கூடாதவை

முதலில், பணத்தைப் பற்றி யோசிக்கவே கூடாத நிலையைச் சொல்லிவிடுகிறேன். பல்வலியோடு வந்த வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, நாக்கின் அடிப்பகுதி தடித்து மேலெழுந்தாலோ, வாயைத் திறக்க இயலாமற் போனாலோ, எச்சிலை விழுங்கவே கடினமாக இருந்தாலோ, குளிர்காய்ச்சல் சேர்ந்துகொண்டாலோ, அது பல் நோய் என்ற எல்லையைக் கடந்துவிட்டது. சீழ் கழுத்தின் உள்ளறைகளில் பரவி மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது சில மணி நேரங்களிலேயே முற்றலாம். அன்றிரவே அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பல் மருத்துவமனை எப்போது திறக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கவும் கூடாது.

இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமின்றி ஆடத் தொடங்கிய ஒற்றைப் பல் ஆகியவற்றையும் தள்ளிப்போட வேண்டாம். புகையிலை, பான் மசாலா, வெற்றிலைப் பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் இதைச் சற்று அழுத்தமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இது புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அரசு மருத்துவமனையில் காட்டினாலே போதும்.

அடுத்து, எங்களைப் போன்ற மருத்துவர்கள் பல்லைச் சரிசெய்துவிட்டு வரச் சொல்லும் சில தருணங்கள் உண்டு. இதய வால்வு மாற்று, உறுப்பு மாற்று, தலை அல்லது கழுத்துக்குக் கதிர்வீச்சு, எலும்பைக் காக்கும் சில ஊசி மருந்துகள் ஆகியவற்றைத் தொடங்குமுன் வாயில் கிருமித் தொற்று இருக்கக் கூடாது. அப்போது "பல்லை முடித்துவிட்டு வாருங்கள்" என்பது உண்மையான அவசரமே. ஆனால் அங்கேயும் தேவைப்படுவது தொற்றை நீக்குவது மட்டும்தான். காப்பாற்ற இயலாத பல்லைப் பிடுங்கினாலும் தொற்று நீங்கிவிடும். அந்த இடத்தில் புதுப் பல் பொருத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை நாங்கள் தெளிவாகச் சொல்லத் தவறுவதால், பிடுங்குவதோடு முடிய வேண்டியதற்கு லட்சக் கணக்கில் செலவழித்துவிட்டு வரும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

"வலிக்கவில்லை, ஆகவே தேவையில்லை" என்பது மட்டும் தவறான கணக்கு. சொத்தை, நரம்பை எட்டும்வரை பெரும்பாலும் வலிப்பதில்லை. ஈறு நோய் எலும்பைக் கரைத்துப் பல்லை ஆட்டும்வரை பலருக்கு வலியே தெரிவதில்லை. பல் துலக்கும்போது இரத்தம் வருவதை நம்மில் பலர் நோயென்றே எண்ணுவதில்லை.

காத்திருக்கக் கூடியவையும் மாற்று உள்ளவையும்

இப்போது மதிப்பீட்டுத் தாளின் மற்ற வரிகளுக்கு வருவோம்.

பிடுங்கிய இடம் ஒவ்வொன்றையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று பலர் அஞ்சுகிறார்கள். நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் கைசர் என்னும் பல் மருத்துவர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களுமாக ஏறத்தாழ 20 பற்கள் நல்ல நிலையில், மேலும் கீழும் பொருந்தி இருந்தால், பின்னால் உள்ள கடைவாய்ப் பற்கள் இல்லாமலே பெரும்பாலானோர் போதிய அளவு மென்று உண்ண இயலும் என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது. ஜப்பானில் 1989-இல் தொடங்கிய இயக்கமும் 80 வயதில் 20 சொந்தப் பற்கள் என்பதையே இலக்காகக் கொண்டது. 32 பற்களும் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கடைசிக் கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்ட 60 வயதுக்காரருக்கு அந்த இடம் காலியாகவே இருக்கலாம். இளைஞர்களுக்கும் பல பற்களை இழந்தவர்களுக்கும் கணக்கு வேறு. இடைவெளியை நோக்கி மற்றப் பற்கள் சாயக்கூடும். ஆகவே "இதை நிரப்பாவிட்டால் என் வாயில் என்ன ஆகும்?" என்று கேட்க வேண்டும்.

நிரப்புவதிலும் படிகள் உண்டு. இம்பிளான்ட் மிகவும் விலை கூடியது. நிலையாகப் பொருத்தும் பாலத்திற்குப் பக்கத்திலுள்ள நல்ல பற்களைத் தேய்க்க வேண்டியிருக்கும். கழற்றி மாட்டும் பல் செட்டு மிகவும் மலிவு; பழகச் சில வாரங்கள் ஆகும்; இரவில் கழற்றிக் கழுவி நீரில் போட்டுவைக்க வேண்டும். செட்டுப் பல்லை இப்போது செய்துகொண்டு, பணம் சேர்ந்த பிறகு மற்றவற்றைப் பற்றி யோசிப்பதில் மருத்துவ நியாயமான தடை எதுவுமில்லை. சர்க்கரை கட்டுப்படாமலும் புகைப்பழக்கத்தோடும் இருப்பவர்களுக்கு இம்பிளான்ட் தோல்வியடையும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அவர்கள் காத்திருப்பதே நல்லது என்றுகூடச் சொல்வேன்.

ஞானப்பல் விஷயம். எக்ஸ்ரேயில் சாய்ந்து புதைந்திருக்கிறது என்பதற்காக மட்டும், தொல்லை எதுவும் தராத ஞானப்பல்லை எடுக்க வேண்டியதில்லை என்று இங்கிலாந்தின் நைஸ் என்னும் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. அடிக்கடி வீங்கினாலோ, பக்கத்துப் பல்லைச் சொத்தையாக்கினாலோ, கட்டி உருவானாலோ எடுக்கலாம்.

சொத்தைக்கும் எளிய வழிகள் இருக்கின்றன. சிறிய சொத்தையாக இருந்தால் கண்ணாடி அயனோமர் என்னும் சிமென்ட்டால் அடைக்கலாம். சில்வர் டையமைன் ஃபுளூரைடு என்னும் திரவத்தைத் தடவினால், துளையிடாமலே பல சொத்தைகளின் பரவலை நிறுத்த இயலும். தடவிய இடம் கறுத்துவிடும் என்பது அதன் குறை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பாட்டிகளுக்கும், நாற்காலியில் நெடுநேரம் உட்கார இயலாத படுக்கை நோயாளிகளுக்கும், பால்பல் சொத்தையுள்ள குழந்தைகளுக்கும் இது பெரிய உதவி.

ரூட் கெனால் செய்வதா, பிடுங்குவதா என்பதே பலருக்கும் இருக்கும் கடினமான கேள்வி. காப்பாற்ற இயலும் பல்லைக் காப்பாற்றுவதே மேல் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்துவிட்டு, உறை போடப் பணமில்லாமல் பல மாதங்கள் விட்டால் பல் பிளந்துபோகலாம். தற்காலிக அடைப்பு விழுந்தால் மீண்டும் தொற்று ஏறும். அப்போது செலவழித்த பணமும் போய், பல்லும் போகும். எனவே தொடங்குமுன் உறைக்கும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இயலாது என்றால் பிடுங்கிவிடுவது கௌரவக் குறைவான முடிவு அன்று.

முகத்தழகுக்கான நெருக்குதல் தனி வகை. இது பல் மருத்துவரிடமிருந்து வருவதைவிட வீட்டிலிருந்தே அதிகம் வருகிறது. பெண் பார்க்க வருகிறார்கள், இரண்டு மாதத்தில் பல் வரிசையைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு தாய் தம் 23 வயது மகளை அழைத்து வந்தார். கம்பி போட்டு வரிசையாக்கப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். இரண்டு மாதத்தில் முடிப்பதென்றால் எஞ்சியிருப்பது, நோயற்ற நல்ல பற்களைத் தேய்த்து உறை மாட்டுவதுதான். தேய்த்த எனாமல் திரும்ப வளராது. அந்த உறைகளை வாழ்நாளில் சில முறை மாற்ற வேண்டிவரும். கடன் வாங்கி ஒரு நல்ல பல்லைக் கெடுப்பதற்கு இது சமம். அந்தப் பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள், தனக்கு அந்தப் பல் பிடித்தே இருக்கிறதாம்.

பேசுவது எப்படி

மதிப்பீட்டுத் தாளைக் கையில் வாங்கியவுடன் பெரும்பாலோர் "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்துவிடுகிறார்கள். அல்லது வெட்கத்தில் சரியென்று தலையாட்டிவிடுகிறார்கள். இரண்டுக்கும் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டாக்டர், இந்த மாதம் என்னால் இரண்டாயிரம் ரூபாய்தான் செலவழிக்க இயலும். இதில் எதை முதலில் செய்தால் கெடுதல் பெருகாமல் நிற்கும்?" தொகையைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் பேரம் தொடங்கிவிடும். மருத்துவம் பின்னுக்குப் போய்விடும்.

பிறகு, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, ஆறு மாதம் தள்ளினால் என்ன ஆகும், இதைவிட எளிய வழி உண்டா என்று கேளுங்கள். எந்தப் பல்லுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள், வேறொருவரிடம் காட்டவும் அது வேண்டும். நேர்மையான மருத்துவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவலே.

"இன்றைக்கே தொடங்கினால் சலுகை", "வட்டியில்லாத் தவணை, இங்கேயே கையெழுத்துப் போடலாம்" என்ற பேச்சு வந்தால் அன்று கையெழுத்திட வேண்டாம். நான் மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லாதபோது, ஒரு நாள் தள்ளியதால் எந்தப் பல்லும் போய்விடாது. வட்டியில்லாத் தவணையிலும் நடைமுறைக் கட்டணம், தவணை தவறினால் அபராதம் என்று சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். வீட்டுக்கு எடுத்துச் சென்று, கூட்டிப் பார்க்கத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டிவிடாமல், முடிந்த வேலைக்கு முடிந்தவுடன் கொடுப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்தின் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், தனி மருத்துவமனைகளோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்வார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போவார்கள். ஆகவே நேரம் பிடிக்கும். ஒரு பல்லுக்கு மூன்று நான்கு முறை வர நேரலாம்; அரை நாள் கூலி போகும். அந்த இழப்பையும் சேர்த்துத்தான் இதை மலிவு என்று சொல்ல வேண்டும். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்குங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, கையில் இரண்டு பிஸ்கட்டோடு போங்கள். நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைப் பல் பிடுங்குவதற்காக நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

பணம் சேரும்வரை காத்திருக்கும் காலத்தில் செய்யக் கூடாதவை சில உண்டு. மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவது. வலிக்கும் ஈற்றில் ஆஸ்பிரின் மாத்திரையை வைப்பது (அது ஈற்றைப் புண்ணாக்கும்). டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நாள்கணக்கில் போடுவது. கடைசியாகச் சொன்னது சிறுநீரகத்தைப் பாதிக்கும். பல்லுக்கு இல்லாத பணத்தை டயாலிசிஸுக்குத் தேட வேண்டிவரும். ஃபுளூரைடு உள்ள பற்பசையால் காலையும் இரவும் துலக்குங்கள். இரவுத் துலக்கல்தான் முக்கியம். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், நிறைய நீர்விட்டுக் கொப்பளித்து மருந்தைக் கழுவிவிடாதீர்கள். செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லைத் தேய்க்கும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பல் போய்விட்டதே, நாம் செய்யாமல் விட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற குற்ற உணர்வில் கடன் வாங்காதீர்கள். முதலில் அவரிடமே கேளுங்கள். எதைத் தின்ன முடியவில்லை, எது வலிக்கிறது, வெளியே சிரிக்கக் கூச்சமாக இருக்கிறதா என்று. பல முதியவர்கள் விரும்புவது முறுக்கு தின்பதை அன்று, வலியில்லாமல் தூங்குவதைத்தான்.

அந்தத் தையற்காரப் பெண்மணிக்கு வருகிறேன். முதலில் எங்கள் வார்டில் சேர்த்து, சீழை வடித்து, இன்சுலின் கொடுத்து வீக்கத்தை அடக்கினோம். பிறகு அவருடைய தாளை வைத்துக்கொண்டு எங்கள் பல் மருத்துவரோடு மூவருமாக உட்கார்ந்தோம். உடனடியாக வேண்டியவை: ஆடிக்கொண்டிருந்த இரண்டு பற்களைப் பிடுங்குவது, ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்வது, ஒரு சொத்தையை அடைப்பது. ரூட் கெனால் என்று எழுதியிருந்த நான்கில் ஒன்றுதான் இந்த அடைப்பு. இன்னொன்றுக்கு ரூட் கெனாலே தேவை. மற்ற இரண்டைக் கவனித்துக்கொண்டிருக்கலாம் என்று முடிவாயிற்று. அரசுக் கல்லூரி மருத்துவமனையில் நான்கு மாதங்களில், பேருந்துச் செலவும் சேர்த்து, சில ஆயிரம் ரூபாயில் முடித்தார். கவனித்துக்கொண்டிருக்கலாம் என்று சொன்ன இரண்டில் ஒன்று அடுத்த ஆண்டு உடைந்துவிட்டது. அதைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அன்றே ரூட் கெனால் செய்திருந்தால் அது ஒருவேளை பிழைத்திருக்கும். இதை அவரிடம் முன்பே சொல்லியிருந்தோம். தெரிந்தே அவர் எடுத்த முடிவு அது. இம்பிளான்ட் இன்றுவரை போடவில்லை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை வருகிறார்.

எங்கள் பிரிவில் இப்போது பல்லைப் பார்த்தீர்களா என்று கேட்பதற்குப் பதிலாக, பல்லுக்குச் செலவு செய்வது எந்த அளவு இயலும் என்று செவிலியரே முதலில் கேட்டுச் சீட்டில் குறித்துவிடுகிறார். உங்கள் வீட்டிலும் எங்காவது ஒரு மதிப்பீட்டுத் தாள் மடித்துக் கிடந்தால், அடுத்த முறை வரும்போது எக்ஸ்ரேயோடு அதையும் எடுத்து வாருங்கள்.